பயன்படுத்துவோர்: ஒன்று

கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் தகவல்களைப் பூட்டித் திறக்கும் நிரல் ஒன்றை எழுதி வைத்துவிட்டு அக்கா போன வருடம் இறந்துபோனாள். அது பழசாகிவிட்டதாம்; நீக்கும் வேலை அதே அலுவலகத்திலிருந்த தம்பியின் தலையில் விழுந்தது. திரையில் தெரியும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை பூஜ்யமானால்தான் நிரலை நீக்க முடியும். தம்பி அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் மூடினான், இணைய வயரையும் பிடுங்கினான். எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது.

“உங்கக்கா சீட்டை விட்டு நகர மாட்டேங்கிறாங்கப்பா,” என்றார் மேலாளர்.

“நாலு மணி டீக்கு மட்டும் எழுந்து போவா சார். பத்து நிமிஷம்தான்.”

இருவரும் சிரித்தார்கள்.

சரியாக நாலு மணிக்கு எண்ணிக்கை பூஜ்யமானது.

“இப்பவே நீக்கிடுப்பா, சீக்கிரம்!”

தம்பி விசைப்பலகையைத் தொடவில்லை. மேசை டிராயரிலிருந்த அவளுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு டீ அறைக்கு ஓடினான்.