வலது கால்

பெரிய வியாழன் சாயங்காலம் தேவாலயத்தில் பாதம் கழுவும் சடங்குக்கு உட்கார வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உபதேசியார் பின்னால் நின்ற பொனிப்பாஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்கள் வலது காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். பொனிப்பாஸுக்கோ வலது கால் முழங்காலுக்குக் கீழே ரப்பர். தெருவில் சேறு கிடந்தால் அதைத்தான் முதலில் இறக்குவார்; அதற்கென்ன தெரியப்போகிறது! இன்றும் குழாயடிச் சேற்றில் அதை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். புதுப் பங்குச்சாமி வரிசையாகக் கழுவிக்கொண்டே வந்து அவர்முன் முட்டி போட்டதும், அவசரமாக இடது காலை நீட்டினார்.

“வலது காலு, அண்ணாச்சி.”

“சாமி, அது ரப்பருல்லா. அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஒங்கள இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தது அதுதான?”

சாமியார் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றி, அச்சில் வார்த்த விரல்களின் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைச் சுண்டுவிரலால் நோண்டி எடுத்தார். துண்டால் ஒற்றிவிட்டு, குனிந்து முத்தமிட்டார். பொனிப்பாஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது குழாயடியில் அதே சேறு கிடந்தது. பழக்கத்தில் வலது காலைத் தூக்கியவர், அதை மெதுவாகக் காய்ந்த தரையிலேயே திரும்ப வைத்தார். பிறகு பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைச் சேற்றில் இறக்கினார்.