ஒரு மில்லி சீம்பால்

கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதப் பிள்ளை கிடக்கிறது. நீல வெளிச்சத்தில் அதன் வயிறு கண்ணாடிக் காகிதம் போலப் பளபளக்கிறது. வயிறு உப்பியதால் மூன்று நாளாக நிறுத்தியிருந்த பாலை இன்று காலைதான் மறுபடி கொடுத்தார்கள். தாயிடமிருந்து எடுத்து வைத்த சீம்பால், ஒரே மில்லி. “குடலை வளர வைக்கிற சத்தெல்லாம் இதுலதான் இருக்கு. சுவர் கெட்டியானாத்தான் கிருமி உள்ள நுழையாது,” என்கிற நர்ஸ், அடுத்த வேளைக்கு முன்னால், காலைப் பால் வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, பிள்ளையின் மூக்குக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி மெல்ல இழுக்கிறாள். பச்சையாக வந்தால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழாயைப் பார்க்கத் துணிவில்லாமல் தாய் நர்ஸின் புருவத்தையே பார்க்கிறாள். முகக்கவசத்துக்கு மேலே அது அசையவே இல்லை. “என்ன நிறம் சிஸ்டர்?” “ஒண்ணும் வரலம்மா. முழுசா இறங்கிருச்சு.” தாய் நாற்காலியின் கையை விடுகிறாள், விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன. “இனி ரெண்டு மில்லி. போய்ப் பிழிஞ்சு கொண்டு வாங்க.” அவள் எழுவதற்குள் ரவிக்கை நனைந்துவிடுகிறது.