மூன்று மணி ரேடியோ

“ஏனுங்க தலைவரே, அந்தக் காளியண்ணனை இன்னைக்கே வேலைய உட்டு நிறுத்தோணுங்க,” என்றார் போர்டு மெம்பர் ராசாமணி.

பஞ்சாயத்து போர்டு தலைவர் சுப்பண்ணன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நிமிர்ந்தார்.

“பூங்காக்காரனா? என்ன பண்ணுனான்?”

“ரேடியோவைச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போடோணும்னு நாமதானுங்க தீர்மானம் போட்டோம். இவன் சந்தை நாளானா மூணு மணிக்கே போட்டு உட்டுர்றான். மலைக்காரங்க காலை நீட்டிப் பாட்டுக் கேக்கறாங்க. பேட்டரி தீந்துபோயி, நாம சண்டைச் சேதி கேக்கற நேரத்துல பொட்டி முனகுது.”

ஜெர்மனிக்காரன் எங்கே நிற்கிறான் என்பது தெரியாமல் ராசாமணிக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

“நெசமா இருந்தா இன்னைக்கே சீட்டைக் கிழிச்சர்றேன். நானே போய்ப் பாக்கறேன்,” என்றார் சுப்பண்ணன்.

பேளுக்குறிச்சிப் பூங்கா என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பெஞ்சு, ஓர் ஊஞ்சல், கொஞ்சம் செவ்வந்திச் செடி, ஓரத்தில் சன்னல் வைத்த சின்ன அறை. சன்னலுக்குள் சர்க்கார் கொடுத்த ரேடியோப் பெட்டி. செடிக்குத் தண்ணீர் விட, ஊஞ்சலுக்கு எண்ணெய் போட, ரேடியோவை முடுக்க, எல்லாவற்றுக்கும் காளியண்ணன் ஒருவன்தான்.

சுப்பண்ணன் போனபோது மணி மூன்று ஆகவில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கிய மேகம் வெயிலை மறைத்திருந்தது. மிளகையும் பலாவையும் விற்று முடித்த மலைக்காரர்கள் இருபது பேர் போலப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கூடைகள் பக்கத்தில் கிடந்தன. எல்லார் கண்ணும் சன்னல் மேலேயே இருந்தது.

சுப்பண்ணன் பின்பக்கத்துப் பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

ரேடியோ பாட ஆரம்பித்தது.

தாலாட்டா தெம்மாங்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத பாட்டு. வழிதவறிய கன்று ஒன்று ஓடை ஓடையாகத் தாயைத் தேடிப் போகிறது. ஒவ்வொரு ஓடையும், அதோ அந்த மேட்டுக்கு அப்பால் என்கிறது. கன்று நடக்கிறது. பாட்டும் கூடவே நடக்கிறது.

ஒரு மலைக்காரப் பெண் மடியில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே கண்ணை மூடினாள். காற்று எழுந்து செவ்வந்திச் செடியை அசைத்துவிட்டுப் போனது.

கையும் களவுமாகப் பிடிக்க வந்த சுப்பண்ணன், இந்த அடி முடியட்டும், இந்த அடி முடியட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். எதற்கு வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோனது. பாதித் தூக்கம் போல இருந்தது. அவ்வளவு சுகமாக அவர் உட்கார்ந்து பல வருஷம் இருக்கும்.

ஞாபகம் வந்ததும் எழுந்துபோய் அறையின் பின்கதவைத் தள்ளினார்.

உள்ளே ரேடியோவுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான் காளியண்ணன்.

பேட்டரி இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

பாட்டு அறுந்தது.

“பேட்டரி எங்கப்பா?”

“சார்ஜுக்கு ராசிபுரம் பஸ்ல போயிருக்குதுங்க. சந்தைக்குச் சந்தை காத்தால போயி, பொழுதோட வந்துருமுங்க.”

பேட்டரி என்றைக்குப் போகிறது, என்றைக்கு வருகிறது என்று தலைவர் இதுவரை கேட்டதே இல்லை.

“அப்பறம் இதென்ன கூத்து?”

காளியண்ணன் குரலைத் தாழ்த்தினான். “ஆறு மணி வரைக்கும் இவங்களால இருக்க முடியாதுங்க. இருட்டறதுக்குள்ள மலையேறி ஊடு சேரோணும். மொத வாரம் வந்து, பாடும் பாடும்னு இந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வெறும் பொட்டின்னு சொல்ல எனக்கு மனசு வல்லீங்க.”

“அதுக்காவ ஏமாத்தறதா?”

“தப்புதானுங்க. வேலைய வேணா எடுத்துக்கிடுங்க. ஆனா அவங்ககிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. இத்தன நாளு ஏமாந்துட்டமேன்னு வெசனப்படுவாங்க.”

வீட்டில் மூன்று பிள்ளைகள் அவனுக்கு.

சுப்பண்ணன் காலி இடத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ராசாமணிகிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றார். “அந்தக் கன்னுக்குட்டி என்ன ஆச்சு? பாடி முடி.”

அவர் வெளியே வந்தபோது ரேடியோ மறுபடியும் பாடியது. கன்று தாயிடம் போய்ச் சேர்ந்தது. மலைக்காரர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்களில் மூத்தவள் பெருமாயி, தலைவரைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

காளியண்ணன் கேட்டுக்கொண்டது சுப்பண்ணனுக்கு நினைவிருந்தது. “ரேடியோ நல்லாப் பாடுச்சாம்மா?” என்று கேட்டார்.

பெருமாயி சன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க உள்ள போனதைப் பாத்தனுங்க, சாமி. அவரு பொழப்புல மண்ணைப் போட்றாதீங்க. அது ரேடியோ இல்லீன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. போன மாசம் பாட்டுக்கு நடுவால அது ஒரு ஆட்டை வெரட்டுச்சுங்க.”

சுப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. “தெரிஞ்சுமா வாரா வாரம் வந்து உக்காந்து கேக்கறீங்க?”

“எங்களுக்காவ ஒளிஞ்சுக்கிட்டுப் பாடற மனுசனுங்க. தெரிஞ்சுபோச்சுன்னா கூச்சப்பட்டு நிறுத்திப்போடுவாரு. அதானுங்க, போறப்ப அவரு காதுல உழுகற மாதிரி, ரேடியோவப் போல உண்டான்னு சொல்லிப்போட்டுப் போறோம்.”