மூன்று மணிக்கு இழுக்கும் கயிறு

“இதுல ஓட்டையே இல்லையே, முகாய் சான். எந்த இடம்னு கொஞ்சம் காட்டுங்களேன்.”

வெல்டிங் கோடு முழுக்க விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கசுயோ நிமிர்ந்தாள். கோடு அப்பழுக்கில்லாமல் இருந்தது.

“அப்படியா? என்னவோ புள்ளி மாதிரி தெரிஞ்சுது,” என்றார் முகாய், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “ஆமா, உங்களுக்குச் சளி விட்டுடுச்சா?”

ஜப்பானின் மிகாவா வட்டாரத்துக் கார் தொழிற்சாலை அது. உறுதியான எஃகுத் தகடுகளை லேசர் கதிரால் இணைக்கும் இயந்திரம் கசுயோவின் பொறுப்பு. கதிர் பட்டால் கண் போய்விடும் என்பதால் எல்லாம் ஜன்னலில்லாத பெட்டிக்குள் நடக்கும். பக்கத்துச் சிற்றறையில் அவள் தனியே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதியச் சோற்று டப்பாவையும் அங்கேயே திறந்து, அங்கேயே மூடுவாள்.

வெளியே வரும் கார் கூடுகளைச் சோதிப்பவர் முகாய். தகட்டின் துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகி, வெல்டிங்கில் ஊசித்துளை போடுவதுண்டு. துளை தெரிந்தால் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும். ஒரு நிமிடத்தில் கசுயோ வந்து பார்க்காவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். கயிற்றை இழுத்தவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது, நன்றிதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

கசுயோவும் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் பார்த்தாள். மனிதர் மூன்று மாதமாகத் தினமும் மூன்று மணிவாக்கில் இழுத்தார். ஒரு நாள்கூடத் துளை இல்லை. ஓடி வந்தவளிடம், நேற்று ராத்திரி என்ன சமைத்தாள் என்பார். மீன் என்றால், என்ன மீன் என்பார்.

அன்று பிரிவுத் தலைவர் கோமோரி அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். முகாய்க்குப் பார்வை மங்கிவிட்டது, அவரைக் கிடங்கில் போல்ட் எண்ணும் வேலைக்கு மாற்றப் போகிறோம், துளையே இல்லாமல் கயிற்றை இழுத்தார் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். முப்பது வருடம் வெல்டிங் பார்த்த மனிதர். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம்.

கசுயோ காகிதத்தோடு தன் சிற்றறைக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்தாள். அடுத்த வீட்டுச் சமையலை விசாரிக்கிற ஆளுக்குத் தன் வீட்டில் விசாரிக்க யாருமில்லை என்றுதானே அர்த்தம்? அந்த வலி அவளுக்குப் புதிதில்லை. கணவர் இறந்து இரண்டு வருடமாகியும், வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது காலி வீட்டைப் பார்த்து “வந்துட்டேன்” என்று சொல்கிறவள்தான் அவளும். பாவம் மனுஷர் என்று பேனாவை மூடினாள்.

கையெழுத்துப் போடாமலே காகிதத்தை எடுத்துக்கொண்டு கோமோரியிடம் போனாள்.

“அவர் கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க. பேச ஆள் இல்லாமத்தான் கயித்தை இழுக்கறார். அவரை அங்கேயே விட்டுடுங்க. தினம் நானே போய் நாலு வார்த்தை பேசிட்டு வரேன்.”

கோமோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முகாய்க்கா பேச ஆள் இல்லை? பொண்டாட்டி, அம்மா, மூணு பொண்ணுங்க. வீட்டுல பேச்சுச் சத்தம் தாங்காமத்தான் சீக்கிரமே வேலைக்கு வரேன்னு கேன்டீன்ல எல்லார்கிட்டயும் புலம்புவார். நீங்கதான் கேன்டீன் பக்கமே வரதில்லையே.”

“அப்புறம் எதுக்குக் கயித்தை இழுக்கறார்?”

“நீங்க காகிதத்தோட போனதும் நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டேன். ‘லேசர் அறையில ஒருத்தங்க இருக்காங்க. நான் இழுக்கலைன்னா அன்னிக்கு முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாம வீட்டுக்குப் போயிடறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க, அதனால எனக்குக் கண்ணு மங்கல்னே எழுதிக்கோங்க’ன்னார்.”