இடது கன்னத்து மச்சம்

"அக்காவுக்கு அன்னைக்கு எப்படிப் போட்டீங்களோ, எனக்கும் அப்படியே வேணும் மேடம். இம்மிகூட மாறக்கூடாது."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். கூட வந்த நடுத்தர வயதுப் பெண்மணி மூலையில் இருந்த சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியம்மாவாக இருக்கும் என்று பார்லர்காரி நினைத்துக்கொண்டாள்.

"எந்த அக்காம்மா?"

"ரெண்டு வாரம் முன்னாடி, இதே வெள்ளிக்கிழமை வந்தா. ஆபீஸ் பார்ட்டிக்கு. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்துக் கதாநாயகி மாதிரி வேணும்னு கேட்டாளாமே. அவ மேஜையில உங்க கார்டு இருந்துச்சு."

"அடடே, மச்சம் வெச்ச பொண்ணு!" பார்லர்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குப் பேர் மறந்துடும், மூஞ்சி மறந்துடும். போட்ட மேக்கப் மட்டும் ஜென்மத்துக்கும் மறக்காது. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்னேன். அம்மா கண்ணுல பட்டா வெளுத்து வாங்கிடுவாங்கன்னு ஓடியே போயிட்டா."

"எங்க தேடியும் ஒரு போட்டோகூட இல்லை. உங்க ஞாபகத்தை நம்பித்தான் வந்திருக்கேன். ஆறரைக்கு நான் அங்க நிக்கணும். பார்க்கிறவங்க அவதான்னு நினைக்கணும்."

"அப்படிப் போடு! ஆள்மாறாட்டமா?"

பெண் சிரிக்கவில்லை. சரியான உம்மணாமூஞ்சி என்று எண்ணியபடி பார்லர்காரி வேலையில் இறங்கினாள்.

முகத்துக்கு இரண்டு சுற்று வெள்ளை கூடுதலாகப் பூசினாள். புருவத்தைப் பென்சிலால் மெல்லிசாக வளைத்தாள். மேல் இமையில் மை தீட்டி, கடைக்கண்ணைத் தாண்டி மேல்நோக்கி இழுத்து, பொய் இமைமுடியை ஒட்டினாள். ஒட்டிய பசை காய்வதற்குள் கண் கலங்கிவிட்டது.

"அழாதேம்மா, எல்லாம் வழிஞ்சிடும். அக்காகூட ஏதாவது சண்டையா?"

"அன்னைக்குக் காலையில. என் தோட்டைக் கேட்காம எடுத்துப் போட்டுக்கிட்டா. இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு கத்திட்டேன்."

"அதுக்கப்புறம் பேசவே இல்லையா?"

"இல்லை."

"கூடப் பிறந்தவங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம். எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பா? தானா வந்து பேசுவா பாரு."

அந்தப் பெண் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பார்லர்காரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அக்காவைப் போலவே போய் எதிரில் நின்று, அவளைச் சிரிக்க வைத்துச் சமாதானம் ஆகப் போகிறாள். நல்ல யோசனைதான்.

முடியைச் சுருட்டி அலை அலையாக ஒரு பக்கம் சாய்த்தாள். உதட்டுக்கு ரத்தச் சிவப்பு. கடைசியாக மச்சம். பென்சில் வலது கன்னத்துக்குப் போய், தயங்கி, நின்றது.

"எந்தப் பக்கம்னு நல்லா யோசிச்சு வைங்க," என்று சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள் பெரியம்மா. "அவசரம் இல்லை."

ஒரு பொட்டு மச்சத்துக்கா இத்தனை கவலை! பார்லர்காரி கண்ணை மூடி யோசித்தாள்.

"இடதுதான். வலது பக்கம் முடி விழுந்து மச்சத்தை மறைச்சுது. நானேதான் அழிச்சுட்டு இந்தப் பக்கம் வெச்சேன்."

பெரியம்மா அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்த வயசிலும் ஆசையைப் பாரேன் என்று பார்லர்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மச்சத்தை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். "இப்பதான் எனக்கு உங்க அக்கா முகமே ஞாபகம் வருது! அன்னைக்கு அவகிட்டயும் சொன்னேன். பெத்த அம்மா எதிர்ல வந்தாலும் உன்னை அடையாளம் தெரியாதுடி பொண்ணேன்னு. எப்படிச் சிரிச்சா தெரியுமா!"

அந்தப் பெண் கண்ணாடியில் தெரிந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். எண்ணெய் வழியும் முகமும் ஒற்றைப் பின்னலுமாக ஒரு பெண். "இவளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எதிர்க் கம்பத்துல காணவில்லைன்னு ஒட்டியிருக்காங்களே, அந்தப் பொண்ணுதானே? கடை திறக்கும்போது தினமும் படத்தைப் பார்க்கிறேன். பாவம், யார் பெத்த பொண்ணோ. நேர்ல நான் பார்த்ததே இல்லைங்க."

"நான் போலீஸ்மா," என்றாள் அந்தப் பெண்மணி தாழ்ந்த குரலில். "பதினாலு நாளா இந்தப் படத்தைக் காட்டித்தான் பஸ் ஸ்டாப்ல ஒவ்வொருத்தரா கேட்கிறோம். எல்லாருமே இப்ப நீங்க சொன்னதைத்தான் சொல்றாங்க."

தங்கை அக்காவின் முகத்தோடு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"முன்னாடியே சொன்னா உங்க கை நடுங்கிடும்னுதான் சொல்லலை மேடம்... படத்துல இருக்கிறது எங்க அக்கா. இந்த முகத்தோட நான் ஆறரைக்கு பஸ் ஸ்டாப்ல நின்னா, அவளைப் பார்த்தவங்க யாருக்காவது ஞாபகம் வரும். அன்னைக்கு உங்க கடைப் படி இறங்கினவ, இன்னும் வீட்டுக்கு வரலை."