இழுப்பறைக்குப் பின்னால்

சமையலறையில் குப்பையை நசுக்கும் அந்த ஐம்பது வருடப் பழைய இயந்திரத்தின் முன், மகள் அனுப்பிய மெக்கானிக் மண்டியிட்டதும் நார்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் லாய்ட் மூன்று வாரமாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டியும் அது ஓடவில்லை.

"சரியாயிடுமாப்பா?"

"குப்பை போடற இழுப்பறைக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கும்மா, அது அழுந்தினாத்தான் மிஷின் ஓடும். அதைப் பார்த்துடறேன்."

நார்மா கராஜ் பக்கம் எட்டிப் பார்த்தாள். லாய்ட் விசிலடித்தபடி ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார்.

"அதுல இருக்கிற டேப்பைப் பிரிச்சிடாதேப்பா! சுவிட்ச் அழுந்தாம இருக்க நான்தான் ஒட்டினேன். ரிட்டயரானதுலேர்ந்து சோபாவே கதின்னு கிடந்த மனுஷன், இப்பதான் எழுந்து நடமாடறார்."

மெக்கானிக் சிரித்தான். "சார் வாசல்லயே சொல்லிட்டாரும்மா. 'டேப்பை முதல் நாளே பார்த்துட்டேன், நீ தொட்டுடாதே. மிஷின் ஓடிட்டா, நார்மா காபியும் டோனட்டுமா வந்து என் பக்கத்துல உட்கார மாட்டா'ன்னார்."