குதிகால்

பிள்ளை மெலிவா என்று பார்க்க, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுப்பது பழைய சூத்திரம். மூன்று முறை வகுப்பது இந்த வருடம் வந்த புதியது. இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஆனால் புதியதில் ‘மெலிவு’ என்று வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் சத்துமாவு கொடுங்கள் என்று உத்தரவு. ஆறாம் வகுப்புச் சுவரோரம் அளந்துகொண்டிருந்த நர்ஸ் பூங்கோதைக்கு இசக்கியம்மாளின் கணக்கில் கை நின்றுவிட்டது. பதினெட்டரைக் கிலோ, நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். பழையதில் மெலிவு; புதியதில் இயல்பு. சோறில்லாமல் குள்ளமாய் நின்றுபோனதே அந்தப் பிள்ளையைத் தேறியவளாகக் காட்டியது. இன்னும் ஒரே ஒரு சென்டிமீட்டர் இருந்தால், வகுத்து வருகிற எண் குறைந்து, சத்துமாவுப் பட்டியலில் ஏறிவிடுவாள்.

போன வருடம் வரை அளக்கும்போதெல்லாம் அவள் நுனிக்காலில் எக்குவாள். வளர்ந்துவிட்டதாகக் காட்ட ஆசை. பூங்கோதைதான் ஸ்கேலால் கணுக்காலில் தட்டி, “பொய் உயரம் காட்டாதே” என்று எல்லார் முன்னாலும் ஏசியிருந்தாள்.

“இசக்கியம்மா, இன்னொரு தடவை வந்து நில்லு.”

வந்து நின்றாள். பூங்கோதை பென்சிலை அவள் தலைக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“கொஞ்சம் எக்கு,” என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள் போல. குதிகால் இரண்டையும் தரையில் இன்னும் அழுத்தினாள்.

“மாட்டேன் சிஸ்டர்,” என்றாள், முகமெல்லாம் பெருமையாக. “இப்பல்லாம் நான் பொய் சொல்றதே இல்ல.”